கோடித் துணியும் பழைய சேலையும்



அடக்க ஆராதனை முடிந்து, கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி, உறவினர் எல்லாரும் அவரவர் ஊருக்குப் பேருந்து ஏறிய பின்பு, வீட்டில் ஒரு கேள்வி எஞ்சி நிற்கும். மருந்துச் சீட்டுகளை அகற்றிவிடலாம். மூக்குக்கண்ணாடியை வேதப்புத்தகத்தின்மேல் வைத்துவிடலாம். துணிகளை என்ன செய்வது? சில வீடுகளில் மாதம் ஒன்று ஆகுமுன்னே மூட்டை கட்டி இல்லாதோருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சில வீடுகளில் பீரோவின் ஒரு தட்டு பத்து ஆண்டுகளானாலும் திறக்கப்படுவதில்லை. இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் அன்பு இருக்கிறது. "கொடுத்துவிடுங்கள்" என்றோ "வைத்துக்கொள்ளுங்கள்" என்றோ நான் யாருக்கும் சொன்னதில்லை. இந்தக் காரியத்தில் வேதம் நமக்குச் சட்டம் எதையும் தரவில்லை. ஒரு காட்சியைத் தருகிறது.

யோப்பா பட்டணத்தில் தொற்காள் மரித்துக் கிடந்த மேல்வீட்டு அறையை அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில் வாசித்திருப்பீர்கள். பேதுரு வந்து சேரும்போது விதவைகள் அவரைச் சூழ்ந்து நின்று அழுகிறார்கள். தொற்காளின் குணநலன்களை அவர்கள் எடுத்துச் சொல்லவில்லை. அவள் தைத்துத் தந்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டுகிறார்கள். கிரேக்க மூலத்தில் 'காட்டுதல்' என்னும் அந்த வினை அமைந்திருக்கும் விதத்தை வைத்து, அவர்கள் தங்கள்மேல் உடுத்தியிருந்தவற்றையே தொட்டுக் காட்டினார்கள் என்று பொருள்கொள்ளும் உரையாசிரியர்கள் உண்டு. எனக்கு அந்தப் பொருள்தான் பிடிக்கும். தைத்தவள் படுத்திருக்கிறாள்; தையலோ எழுந்து நின்று அழுதுகொண்டிருக்கிறது.

நம் நாளுக்கு அருகில் இன்னொரு வீட்டையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் 'ஜீஸ் பெண்ட்' என்றொரு சிற்றூர் இருக்கிறது. பருத்திக் காட்டில் அடிமைகளாய் உழைத்தவர்களின் சந்ததியார் வாழும் ஊர். அங்கே மிசூரி பெட்வே என்னும் பெண்மணி, கணவர் இறந்த பின்பு, 1942இல், அவர் வயலில் உடுத்தி உழைத்த சட்டைகளையும் கால்சட்டைகளையும் கிழித்துத் துண்டுகளாக்கி ஒரு போர்வை தைத்தார். மூத்த மகள் உடனிருந்து உதவினாள். அவரை நினைத்துக்கொள்ளவும், அவருடைய அன்பின் கீழ் படுத்துக்கொள்ளவும் அந்தப் போர்வை வேண்டும் என்று தாய் சொன்னதாக அந்த மகள் முதிர்ந்த வயதில் நினைவுகூர்ந்தார். அந்த ஊரில் இவ்விதம் உழைப்புத் துணியால் தைத்த போர்வைகளில், சட்டைப்பை பிரிக்கப்பட்ட இடம் மட்டும் வெயில் படாமல் நிறம் மங்காது நிற்பதைக் காணலாம். 2002ஆம் ஆண்டு ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகங்கள் இவ்வூர்ப் போர்வைகளைச் சுவரில் தொங்கவிட்டன. 2006இல் அஞ்சல் தலைகளிலும் அவை வந்தன. தைத்தவர்கள் குளிருக்காகத் தைத்தார்கள்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், ஐம்பது வயதைத் தாண்டி, வாழ்வில் முதன்முறையாக நானும் ஒரு துண்டுத்துணிப் போர்வை தைத்து முடித்திருக்கிறேன். 'பேட்ச்வொர்க்' என்று தையற்கடைகளில் சொல்வார்களே, அதுதான்.

என் தகப்பனாரை நீங்கள் அறிவீர்கள். ஆலயத்தில் இடதுபுறம் முன் வரிசையில், கம்பளித் தொப்பியோடு அமர்ந்திருப்பவர். தேரிக்காட்டு வெயிலில் எண்பது ஆண்டுகளுக்குமேல் வாழ்ந்தவருக்கு இந்த மலையின் குளிர் இன்னும் பழகவில்லை. சென்ற ஆண்டு லெந்து நாட்களில் எங்கள் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பின்பு, ஒரு தகரப் பெட்டியோடு அவர் குருமனைக்கு வந்து சேர்ந்தார். பெட்டியில் அவருடைய துணிகள் கொஞ்சம். அம்மாவின் சேலைகள் பதினொன்று. அவற்றில் மதுரைச் சுங்குடிச் சேலை ஒன்று, கரும்பச்சையில் வெள்ளைப் புள்ளி போட்டது. ஒவ்வொரு இரவும் கம்பளிக்கு அடியில், உடம்போடு ஒட்டி, அதை விரித்துக்கொண்டுதான் படுப்பார். காலையில் மடித்துத் தலையணைக்குக் கீழே வைப்பார். வெயில் வரும் நாளில் சற்றே காயப்போடுவார். துவைக்க விடமாட்டார். காரணத்தை நாங்கள் கேட்கவில்லை. அம்மா சேலை மடிப்புகளுக்கிடையே உலர்ந்த மகிழம்பூ போட்டு வைக்கும் வழக்கமுடையவர் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது அந்தச் சேலை மடிப்பில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. என் மனைவி ஊசியெடுத்து இழை ஓட்டப் போனாள். சபையிலே தையல் தொழில் செய்யும் நம் சகோதரி அதைப் பார்த்துத் தடுத்துவிட்டார். "துணி நைஞ்சு போச்சும்மா. நூல் அதைவிட உறுதி. இன்னைக்கு மூடும், நாளைக்கு நூல் பக்கத்திலேயே பிளக்கும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஐயா, இதை முழுசா வெச்சிருந்தா ஒரு வருஷம் வராது. துண்டா வெட்டிப் பின்னால துணி கொடுத்துத் தைச்சா உங்க காலம்வரைக்கும் வரும்" என்றார். சேலையாக இருக்கும்வரை இழுவிசை முழுவதும் நைந்த இடத்தின்மேல் விழுகிறது. சிறு சதுரமாக நான்கு பக்கமும் பிற துணிகளோடு இணைத்து, அடியில் வேறொரு துணியும் கொடுத்துவிட்டால் அதன்மேல் விழும் பாரம் மிகக் குறைவு. தைத்துத் தரட்டுமா என்று அவர் கேட்டார். நான் தைக்கிறேன், சொல்லித்தாருங்கள் என்றேன். சற்றே சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

பதினொன்றில் இரண்டு நைலக்ஸ். பருத்தியோடு அது சேராது. பருத்திக்கு வேண்டிய சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் உருகும். கல்யாணப் பட்டு என் தங்கைக்கென்று முன்பே முடிவாயிற்று. மீதி எட்டும் பருத்தி: ஏழு பழையவை, ஒன்று புதிது. புதியது அரக்கு நிறம். கடைசிக் கிறிஸ்துமஸுக்கு எடுத்துக் கொடுத்தது, கடை மடிப்புக் கலையாமல் இருந்தது.

"வெட்டுறதுக்கு முன்னால துவைச்சுக் காயவைக்கணும்" என்று சகோதரி முதல் பாடத்தைத் தொடங்கினார். தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, "எல்லாத்தையுமா?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று பகலிலேயே பச்சைச் சேலை தலையணைக்கு அடியிலிருந்து பெட்டிக்குள் போய், பெட்டியின் பூட்டும் விழுந்தது. கத்தரிக்கோல் அவருக்குப் பொருட்டாக இல்லை. சவுக்காரம்தான் பொருட்டு.

நான்கு நாட்கள் எதுவும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் நான் சகோதரியிடம், துவைப்பது எதற்காக என்று கேட்டேன். இரண்டு காரணங்கள் சொன்னார். ஒன்று, சாயம். அடர்ந்த நிறம் முதல் நீரில் ஒழுகிப் பக்கத்துத் துண்டைக் கெடுக்கும். மற்றொன்று, சுருக்கம். தறியில் இழுத்துப் பிடித்து நெய்த நூல், கஞ்சியும் விறைப்பும் போகும்வரை தன் உண்மையான அளவுக்கு வருவதில்லை. முதல் துவைப்பில்தான் அது அடங்கும். "அப்படியானால் பழைய சேலை?" என்றேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார். "அது சுருங்க வேண்டியதெல்லாம் எப்பவோ சுருங்கி முடிச்சாச்சு, ஐயா. துவைக்கச் சொன்னது கோடிக்குத்தான்!"

பிரியமானவர்களே, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட அந்தச் சகோதரி, மாற்கு 2ஆம் அதிகாரத்தின் 21ஆம் வசனத்துக்கு நான் கேட்டவற்றுள் மிகத் தெளிவான உரையைச் சொல்லிவிட்டார். பழைய வஸ்திரத்தில் கோடித் துணியை இணைத்தால் புதியது பழையதை இழுத்துக் கிழிக்கும் என்று ஆண்டவர் சொன்ன உவமை நமக்குத் தெரியும். அந்த இடத்தில் கிரேக்கத்தில் உள்ள சொல், 'வெளுப்பவர் கைக்குப் போகாத' என்று பொருள்படும். புதிதாய் நெய்த துணியை அலசி, மிதித்து, சுருக்கிப் பதப்படுத்துவது அந்நாளைய வெளுப்பவரின் தொழில். தமிழில் பெயர்த்தவர்கள் 'கோடி' என்ற சொல்லைத் தேர்ந்துகொண்டது எவ்வளவு பொருத்தம்! நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு நீர் காணாத புதுத் துணி என்று பொருள். இறந்தவர்மேல் போர்த்தக் கொண்டுபோகும் துணிக்கும் அதுவே பெயர். பிரசங்க பீடத்தில் இந்த வசனம் பழைய பிரமாணம், புதிய பிரமாணம் என்ற பாடமாகவே வரும். அது சரியான பாடமே. ஆயினும் உவமையைக் கேட்டுக்கொண்டிருந்த கலிலேயப் பெண்கள் முதலில் துணியைத்தான் கண்டிருப்பார்கள். கிழிசலுக்குக் காரணம் பழையதன் அழுக்கு என்று ஆண்டவர் சொல்லவில்லை. சுருங்கிப் பழகாத புதியதுதான் இழுக்கிறது.

இதை அப்பாவிடம் போய்ச் சொன்னேன். வசனத்தைச் சொல்லவில்லை, அதை அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். தையற்காரச் சகோதரி சொன்னதை மட்டும் சொன்னேன். அவர் சற்று நேரம் கழித்து எழுந்து, பெட்டியைத் திறந்து, பச்சைச் சேலையை எடுத்து வந்தார். "துவைக்கிறதில்லன்னா இதையும் எடுத்துக்கோ, தம்பி" என்றார்.

அரக்குச் சேலையை மட்டும் துவைத்தோம். மூன்று முறை அலசிய பின்புதான் நீர் தெளிந்தது. துவைக்குமுன் 46 அங்குலம் இருந்த அகலம் உலர்ந்த பின்பு 44½ ஆகியிருந்தது. ஈரமான வெள்ளைத் துணியை அதன்மேல் அழுத்திப் பார்த்து, கறை ஏறவில்லை என்று உறுதி செய்துகொண்ட பின்பே சகோதரி அதைப் பழையவற்றோடு வைக்க இடங்கொடுத்தார்.

வேலையின் விவரத்தை, செய்ய விரும்புவோருக்காகச் சொல்கிறேன். ஐந்து அங்குலச் சதுரமாகக் கெட்டி அட்டை ஒன்று வெட்டிக்கொள்ள வேண்டும். அதைத் துணியின் இழைக்கு நேராக வைத்துச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வெட்ட வேண்டும். மூலைவாட்டில் வெட்டினால் துணி ரப்பரைப் போல இழுபடும். தையற்காரர்கள் அதைக் 'கிராஸ்' என்பார்கள். நைந்த இடங்களைத் தயங்காமல் ஒதுக்கிவிட வேண்டும். காகிதம் வெட்டிய கத்தரிக்கோல் இந்த வேலைக்கு ஆகாது. சேலைக்குப் பதினைந்தாக எட்டுச் சேலைக்கு 120 சதுரங்கள். வெட்டுமுன் பச்சைச் சேலையின் நைந்து போகாத ஒரு பக்கத்துக் கரையை மட்டும் முழு நீளத்துக்குத் தனியே எடுத்து வைத்துக்கொண்டோம். ஏன் என்பது பிறகு வரும்.

அகலத்தில் பத்து, நீளத்தில் பன்னிரண்டு என்று அடுக்கினால் 50க்கு 60 அங்குலம் வர வேண்டும். வராது. ஒவ்வொரு துண்டின் நான்கு விளிம்பிலும் கால் அங்குலம் தையலுக்குள் போகும். ஐந்து அங்குலச் சதுரம் வெளியே நாலரையாகத்தான் தெரியும். முடிவில் கிடைப்பது 45க்கு 54. பரப்பளவில் கணக்கிட்டால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு துணி கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. போர்வை பிரியாமல் நிற்பது அந்த மறைந்த பங்கினால்தான். அந்தக் கால் அங்குலம் எங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு தையலில் நூலிழை அளவு வித்தியாசம் என்றாலும் ஒன்பது தையலில் அது கூடிக்கொண்டே போகும். பிறகு ஒரு வரிசையும் அடுத்த வரிசையும் ஒன்றையொன்று சந்திக்கா. இதற்குச் சகோதரி சொன்ன சோதனை எளியது. மூன்று துண்டுகளை மட்டும் முதலில் இணைத்து, நடுத்துண்டை அளந்து பாருங்கள். சரியாக நாலரை இருந்தால் மேலே தொடரலாம். மிதி இயந்திரத்தின் தட்டில், ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி, பிளாஸ்திரித் துண்டு ஒன்றை ஒட்டி அதையே எனக்கு வேலியாக்கினார்.

தைக்குமுன் 120 சதுரங்களையும் கூடத்துத் தரையில் பரப்பி அழகு பார்க்க வேண்டும். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று நானும் மனைவியும் யோசித்துக்கொண்டிருக்கையில், அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைத்தடியால் சுட்டத் தொடங்கினார். அது அங்கே வேண்டாம். இதை இப்படி வை. நீலக் கட்டம் போட்டது நான் பத்தாம் வகுப்புத் தேறியபோது பாளையங்கோட்டையில் எடுத்தது. மஞ்சள், தங்கை பிறந்த வருஷம். காவி நிறம் கடனுக்கு வாங்கியது. அந்தக் கடன் தீர எட்டு மாதம் ஆயிற்று என்பதை அன்றுதான் நான் கேள்விப்பட்டேன். அம்மா இறந்த பிறகு அவர் அம்மாவைப்பற்றி அவ்வளவு பேசியது அந்த ஒரு பிற்பகல்தான். பல சேலைகளின் விலைகூட அவருக்கு நினைவிருந்தது. அரக்குத் துண்டுகளுக்கு மட்டும் சொல்ல ஒரு கதையும் இல்லை. அது உடுத்தப்படவே இல்லை. அவற்றை எங்கே வைப்பது என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒவ்வொன்றையும் ஒரு பச்சைத் துண்டுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். பதினைந்துக்குப் பதினைந்து, கணக்கும் சரியாக இருந்தது.

பிறகு நான்கு சனிக்கிழமைகள். வரிசைக்கு ஒன்பதாகப் பன்னிரண்டு வரிசைக்கு 108 சிறு தையல்கள். வரிசைகளை இணைக்கப் பதினொரு நீளத் தையல்கள். இஸ்திரி போடும்போது முதல் வரிசையின் தையல் விளிம்புகளை வலப்பக்கமும், அடுத்த வரிசையினதை இடப்பக்கமும் சாய்க்க வேண்டும். அப்போது இரண்டு வரிசைகள் சந்திக்கும் மூலையில் விளிம்புகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்திப் பூட்டிக்கொள்ளும். ஒரே பக்கம் சாய்த்தால் முண்டு விழும். பெட்டியைத் தேய்க்கக் கூடாது, தூக்கித் தூக்கி வைக்க வேண்டும்.

மேல் துணி முடிந்ததும், தரையில் அப்பாவின் நான்கு முழ வேட்டி ஒன்றை அடித்துணியாக விரித்தோம். நடுவில் பழைய ஃபிளானல் விரிப்பு, அதன்மேல் சதுரங்கள். மூன்றும் நகராதபடி நடுவிலிருந்து வெளிப்புறமாக ஊக்குகள் குத்தி, பிறகு கையால் ஓட்டுத்தையல். நூல் முழங்கை நீளத்துக்குமேல் இருந்தால் சிக்கும். முடிச்சை மெல்ல இழுத்து இரு துணிக்கும் இடையே ஒளித்துவிட வேண்டும். தேர்ந்த கைகள் அங்குலத்துக்குப் பத்துத் தையல் போடுமாம். புதிதாய்க் கற்பவனுக்கு ஐந்தோ ஆறோ போதும், சிறிதாக இருப்பதைவிட ஒரே சீராக இருப்பதே முக்கியம் என்றார் சகோதரி. அவருக்கு விரலில் மாட்டும் இரும்புத் தொப்பி தேவைப்படுவதில்லை. எனக்குத் தேவைப்பட்டது.

இந்த வேலை நமக்கு அந்நியமானதன்று. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் 'காந்தா'வும் நம்முடைய 'கந்தை'யும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் 'கவந்தி' என்னும் போர்வை தைக்கிறார்கள். அவர்களில் கிறிஸ்தவரும் உண்டு. விளிம்பில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து சேரும் தையல் அது. நான்கு மூலைகளிலும் முக்கோணமாய் மடித்த 'பூக்கள்' வைக்காமல் கவந்தி நிறைவு பெறுவதில்லை. மீந்திருந்த அரக்குத் துண்டுகளில் நாங்களும் நான்கு மூலைக்கும் அப்படி வைத்தோம்.

எடுத்து வைத்த கரைக்கு வருகிறேன். போர்வையின் நான்கு ஓரத்தையும் சுற்றி மடித்துத் தைக்க 198 அங்குல நீளம் வேண்டும். மூலை திரும்பவும் முனை சேரவும் இன்னும் ஒரு பத்து. ஆறு கெஜச் சேலையின் நீளம் 216. ஒட்டுப் போடாமல், ஒரே கரை, சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் முடிந்தது.

தைத்து முடித்த போர்வையை ஒருமுறை துவைத்துவிடுவது பல இடங்களில் வழக்கம். தையல்கள் அப்போது நன்றாகப் படியும். நாங்கள் துவைக்கவில்லை. பனி விலகி வெயில் வரும் பதினொரு மணியளவில் தாழ்வாரக் கொடியில் அரைமணி போடுவதோடு சரி. என்றாவது ஒருநாள் துவைக்கத்தானே வேண்டும் என்று என் மனைவி மெதுவாகச் சொன்னாள். "எனக்கப்புறம் துவைச்சுக்கோங்க" என்றார் அப்பா, சாதாரணமாக, இரண்டாவது காப்பி வேண்டாம் என்று சொல்லும் குரலில்.

உங்களில் சிலர் வீட்டில் திறக்காத தட்டு ஒன்று இருக்கிறது என்பதை அறிவேன். திறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திறக்க விரும்பினால், லெந்து முடிந்த பின்பு சனிக்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணிக்கு, மாதர் சங்க அறையில் நம் சகோதரி சொல்லித்தரச் சம்மதித்திருக்கிறார். ஆண்களும் வரலாம். தைப்பதற்கு நானும் இருப்பேன். நல்ல கத்தரிக்கோல், ஐந்து அங்குல அட்டை, இரண்டு ஊசி, வெள்ளை நூல் போதும். பழைய துணிகளை இருக்கிறபடியே எடுத்து வாருங்கள். கோடி இருந்தால், அதை மட்டும் துவைத்துக் கொண்டுவாருங்கள்.